‘நேராய் நடம்மா’ என்பதை முதலில் நிறுத்துங்கள்

கேள்வி: எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம். அம்மாவுக்கு வயது 67, எடை 68 கிலோ. சின்ன வயதிலிருந்தே அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) தரையில் கால் மடக்கி உட்கார்ந்து அண்டி தல்லியவர் (முந்திரிக்கொட்டை உடைத்தவர்). கொஞ்ச வருடங்களாகவே இரண்டு முட்டிலும் வேதனை, வலது காலில் கூடுதல், அந்தக் கால் வெளிப்பக்கமாய் வில் போல வளைந்தும் போய்விட்டது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், தேய்மானம் மூன்றாம் நிலை, ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், எடையைக் குறைத்து உடற்பயிற்சி செய்யுங்கள் என்றார். பக்கத்து வீட்டுக்காரர்களோ நடந்தால் இன்னும் தேயும் என்கிறார்கள். அம்மா இப்போது பக்கவாட்டில் ஆடி ஆடித்தான் நடக்கிறார், படி இறங்க ரொம்பப் பயம். ‘நேராய் நடம்மா’ என்று நானும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன், இரண்டு எட்டு நேராய் வைப்பார், பிறகு பழையபடி ஆட்டம். கம்பு பிடிக்கச் சொன்னால் ‘நான் என்ன கிழவியா’ என்று சண்டை. இது வயதால் வந்த நடையா, மூட்டால் வந்த நடையா? திருத்த முடியுமா? வீடியோ அனுப்பியிருக்கிறேன்.

பதில்: சகோதரி, வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். படத்தைப் பார்க்காமல் செருப்புச் சத்தத்தை மட்டும் கேட்டாலே பாதி விஷயம் பிடிபடுகிறது. வலது செருப்பு விழுந்த உடனே இடது செருப்பு அவசரமாக விழுகிறது, அப்புறம் ஒரு சின்ன இடைவெளி, மறுபடி வலது, உடனே இடது. அதாவது வலது காலில் முழு எடையும் நிற்கிற நேரத்தை அம்மா எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்கிறார். வலது காலை ஊன்றும்போதெல்லாம் வலது தோள் கீழே சரிகிறது, வலது பாதம் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது, முட்டு மடங்குவதே தெரியவில்லை. பின்னாலிருந்து ‘நேரே, நேரே’ என்று உங்கள் குரல்.

அந்தக் குரலைத்தான் முதலில் நிறுத்தச் சொல்கிறேன். அம்மா ஆடுவது கெட்ட பழக்கம் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. வலிக்கிற மூட்டின் மேல் விழுகிற பாரத்தைக் குறைக்க அவருடைய உடம்பு, யாரும் சொல்லிக் கொடுக்காமல், தானே கண்டுபிடித்த வழி அது. காரணத்தை அப்படியே விட்டுவிட்டு ஆட்டத்தை மட்டும் நிறுத்தினால் வேதனைதான் கூடும், அதனால்தான் இரண்டு எட்டுக்கு மேல் அவரால் நேராய் நடக்க முடியவில்லை.

வயதா, மூட்டா என்று கேட்டீர்கள். இரண்டும்தான், ஆனால் இரண்டும் நடையில் விடுகிற அடையாளம் வேறு வேறு.

வயதை முதலில் சொல்கிறேன். நல்ல ஆரோக்கியமான இளம் வயதுக்காரர் சாதாரணமாக நடந்தால் நொடிக்கு 1.2 முதல் 1.4 மீட்டர் வரை போவார். வயது ஏற ஏற அது குறையும், குறைவது பெரும்பாலும் எட்டின் நீளம் சுருங்குவதால்தான். நிமிடத்துக்கு எத்தனை எட்டு வைக்கிறோம் என்பது அவ்வளவாக மாறுவதில்லை. இரண்டு பாதமும் ஒரே சமயம் தரையில் இருக்கிற நேரம் கூடும், அது சமநிலைக்காக. இன்னொன்று வெளியே தெரியாமல் நடக்கும்: இளம் வயதில் உடம்பை முன்னால் தள்ளிவிடுகிற வேலையில் பெரும் பங்கு கெண்டைக்கால் தசைக்கு, குதிகால் எழும்பும்போது அதுதான் உந்துகிறது. வயதானவர்களிடம் அந்த உந்தல் தளர்ந்துபோகிறது, கணுக்காலும் முட்டும் செய்த வேலையில் ஒரு பகுதியை இடுப்புத் தசைகள் எடுத்துக்கொள்கின்றன. இளையோரையும் முதியோரையும் ஒரே வேகத்தில் நடக்கவைத்து அளந்து 2000-ம் ஆண்டில் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரே தூரத்தைக் கடக்க வயதானவர் கூடுதல் சக்தி செலவழிக்கிறார், சீக்கிரம் களைக்கிறார். ஆனால் இந்த மாற்றமெல்லாம் இரண்டு காலிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும். வயது மட்டும் காரணமாய் ஒரு தோள் சரியாது, ஒரு செருப்பு அவசரப்படாது.

இனி மூட்டு. நல்ல முட்டு, குதிகால் தரையைத் தொட்டதும் 15, 20 டிகிரி மடங்கி அதிர்வை வாங்கிக்கொள்ளும், அப்புறம் காலைத் தூக்கி முன்னால் வீசும்போது 60 டிகிரி வரை மடங்கும். தேய்மானம் உள்ள முட்டு முதல் மடக்கத்தைச் செய்யப் பயப்படுகிறது. மடக்கினால் தொடையின் முன்தசை பாரத்தைத் தாங்க வேண்டும், அதற்குத் தெம்பு இல்லை, அதனால் தொடையின் முன்தசையும் பின்தசையும் சேர்ந்து இறுகி முட்டை விறைப்பாகப் பிடித்துக்கொள்கின்றன. விளையில் தென்னை வெட்டும்போது ஒரு பக்கமும் சாய்ந்துவிடாமல் இரண்டு பக்கமும் வடம் கட்டி இழுத்துப் பிடிப்பார்களே, அதே காரியம்தான். மரம் அசையாது, சரி, ஆனால் இரண்டு வடத்தின் இழுவையும் நடுவில் நிற்பதன் மேல்தானே விழுகிறது? முட்டுக்குள்ளும் அப்படித்தான், எலும்பும் எலும்பும் கூடுதலாய் நெருக்கப்படுகின்றன.

அந்தத் தோள் சரிவு எதற்கு என்றால், ஒரு காலில் நிற்கும்போது உடம்பின் பாரம் முட்டுக்கு நடுவாக இறங்குவதில்லை, உட்பக்கமாகச் சாய்ந்துதான் இறங்குகிறது. எல்லோருக்குமே முட்டின் உட்பாதிதான் பாதிக்கு மேல் சுமக்கிறது, கால் வில்லாய் வளைந்தவர்களுக்கு இன்னும் கூடுதல். தேய்கிறது அந்தப் பக்கம், தேயத் தேய கால் இன்னும் வளைகிறது, வளைய வளைய அந்தப் பக்கத்துக்கே இன்னும் பாரம். அம்மா மேலுடம்பை வலதுபக்கம் சாய்க்கும்போது பாரம் முட்டின் நடுவுக்குக் கொஞ்சம் நகர்கிறது, உட்பாதிக்கு இளைப்பாறல். பாதத்தை வெளிப்பக்கம் திருப்புவதும் அதே கணக்குதான். இடுப்பின் பக்கத் தசை பலவீனமாய் இருந்தாலும் இதே சாய்வு வரும், அம்மாவுக்கு அதுவும் சேர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நேரில் படுக்க வைத்துக் காலைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னால்தான் உறுதியாகத் தெரியும்.

பாரம் பாரம் என்கிறேனே, எவ்வளவு தெரியுமா? ஜெர்மனியில் பெர்லினில், முட்டு மாற்று ஆபரேஷன் செய்தவர்களின் செயற்கை மூட்டுக்குள்ளேயே கருவி பொருத்தி நேரடியாக அளந்தார்கள், 2010-ல் வெளிவந்தது. சமதரையில் நடக்கும்போது ஒவ்வொரு எட்டிலும் முட்டுக்குள் விழுகிற அழுத்தம் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு, படி இறங்கும்போது மூன்றரை மடங்கு. 68 கிலோவுக்குக் கணக்குப் போடுங்கள்: நடந்தால் 170 கிலோ, படி இறங்கினால் 240 கிலோவுக்குப் பக்கம். அம்மா படியைப் பார்த்து மிரள்வது மனப்பயம் மட்டும் இல்லை. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து மெதுவாய் இறக்க வேண்டும், அதுதான் அவருக்கு முடியாத காரியம்.

ஆகவே எடை. அமெரிக்காவில் எடை கூடிய முட்டுத் தேய்மானக்காரர்களிடம் அளந்து 2005-ல் சொன்னது, ஒரு கிலோ குறைந்தால் முட்டின் பாரம் ஒவ்வொரு எட்டிலும் நாலு கிலோ குறைகிறது. அம்மா அஞ்சு கிலோ குறைத்தால் ஒவ்வொரு எட்டிலும் 20 கிலோ லாபம். நம்ம பக்கத்துச் சாப்பாட்டில் எங்கே கைவைப்பது என்று கேட்டால், மீனில் வைக்காதீர்கள், தசைக்கு அது வேண்டும். மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கும்) சோறும் ஒரே நாளில் வயிறு முட்டச் சாப்பிடுவதில் கைவையுங்கள், அதோடு நாலு வேளைச் சாயாவில் போடுகிற சீனியிலும். பட்டினி போடாதீர்கள், இந்த வயதில் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் போய்விடும்.

நடந்தால் தேயுமா என்பதற்கு வருகிறேன். மூட்டு முனையில் இருக்கிற குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. சுற்றியிருக்கிற மூட்டுநீரிலிருந்துதான் சத்து வாங்குகிறது, அமுங்கி விரிந்து அமுங்கி விரிந்துதான் வாங்குகிறது. சும்மா கிடக்கிற முட்டுக்கு அது குறைகிறது, தசையும் கரைகிறது. ‘முட்டில் எண்ணெய் வற்றிப்போச்சு’ என்று யாராவது சொன்னால் அதையும் நம்பிவிடாதீர்கள். வீங்கியிருக்கிற முட்டில் நீர் தேவைக்கு மேல் இருக்கிறது என்பதே உண்மை, அந்த வீக்கமே தொடைத் தசையை முழுதாய் வேலை செய்யவிடாமல் தடுத்துவிடும். மூன்றாம் நிலை என்ற எக்ஸ்ரே வார்த்தையைக் கேட்டும் கலங்க வேண்டாம், அந்தக் கணக்கில் நாலு நிலை உண்டு, ஆனால் படத்தில் தெரிகிற தேய்மானமும் ஆள் படுகிற வேதனையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. நாலாம் நிலையோடு சந்தைக்குப் போய்வருகிறவர்களும் உண்டு, இரண்டாம் நிலையில் கட்டிலோடு கிடப்பவர்களும் உண்டு.

எனவே நடக்கட்டும். ஒரே மூச்சாய் அரைமணி நேரம் வேண்டாம், காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம், சமதரையில். உங்கள் பக்கம் மேடும் பள்ளமுமாய்த்தான் இருக்கும், வீட்டிலிருந்து ரோட்டுக்கு வருவதே ஒரு இறக்கம், அதனால் முற்றமோ கோவில் வளாகமோ போதும். நம்ம மாவட்டத்துக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, முற்றத்தில் பாசி பிடித்திருந்தால் வீட்டுக்குள்ளேயே திண்ணையிலிருந்து அடுக்களைக்கு நடந்தாலும் நடைதான். முட்டு சரியாய் மடங்காதவருக்குக் கால்விரல் தரையை உரசிக்கொண்டுதான் போகும், சின்னக் கல் தட்டினாலும் விழுவார். நடக்கும்போது கொஞ்சம் வேதனை இருந்தால் பயப்படாதீர்கள். மறுநாள் காலையில் எழும்பும்போது வேதனை பழைய அளவுக்குத் திரும்பியிருந்தால் செய்தது சரியான அளவு. கூடியிருந்தால், முட்டு வீங்கியிருந்தால், அடுத்த நாள் பாதியாய்க் குறையுங்கள், நிறுத்தாதீர்கள்.

கம்பு விஷயத்தில் நான் முழுக்க உங்கள் கட்சி. ஆனால் எந்தக் கையில் என்பதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். வலது முட்டுக்கு வேதனை கூடுதல் என்றால் கம்பு இடது கையில். வலது காலும் இடதுகைக் கம்பும் ஒன்றாக முன்னால் போகும், ஒன்றாக ஊன்றும். அப்படிப் பிடித்தால் வலது இடுப்புத் தசையின் வேலை குறையும், முட்டின் பாரமும் குறையும், தோளைச் சரித்து அம்மா இப்போது செய்கிற காரியத்தைக் கம்பே செய்துவிடும், சரிவு தானாகக் குறைவதை நீங்களே பார்ப்பீர்கள். செருப்புப் போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை எங்கே வருகிறதோ அதுதான் கம்பின் உயரம். கீழே ரப்பர் புஷ் இருக்க வேண்டும், தேய்ந்தால் உடனே மாற்ற வேண்டும். கிழவி என்பார்கள் என்ற வருத்தம் நம்ம ஊரில் நிறையப் பேருக்கு உண்டு, நீளக் குடையை ஊன்றி நடந்து சமாளிக்கிற பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். குடை வேண்டாம், நுனி வழுக்கும், எடை தாங்கச் செய்த பொருளும் அல்ல. மலையேறுகிற பையன்கள் பிடிக்கிற, உயரம் கூட்டிக் குறைக்கிற கம்பு கடையில் கிடைக்கிறது, மருந்துவாழ்மலை ஏறப் போகிறவர் மாதிரி கம்பீரமாய் இருக்கும், அதை வாங்கிக் கொடுத்துப் பாருங்கள்.

படிக்கு ஒரே விதி. ஏறும்போது இடது கால் முதலில், இறங்கும்போது வலது காலும் கம்பும் முதலில், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலும் சேர்ந்த பிறகு அடுத்த படி. கைப்பிடி இல்லாத படியென்றால் ஒரு ஜி.ஐ. பைப்பாவது அடித்துக் கொடுங்கள், மருந்துச் செலவை விடக் குறைவுதான்.

இனி முக்கியமானது, தசை. நடை மட்டும் தசையைக் கூட்டாது. பிளாஸ்டிக் நாற்காலி இரண்டை ஒன்றன்மேல் ஒன்று போட்டுச் சுவரோடு சேர்த்து வையுங்கள், உயரம் கிடைக்கும். அதில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழும்பி, எழும்பியதை விட மெதுவாக உட்கார வேண்டும். இந்த மெதுவாய் உட்காருவதுதான் படி இறங்கத் தேவையான தசை வேலை, ‘தொப்’பென்று விழுந்தால் பலனில்லை. எட்டுப் பத்துத் தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஒரு முறை. அது எளிதானதும் ஒற்றை நாற்காலிக்கு மாறலாம். அப்புறம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் தூக்கி இறக்குவது, கெண்டைக்காலுக்கு. அதே ஜன்னலைப் பிடித்து உடம்பைச் சாய்க்காமல் ஒரு காலைப் பக்கவாட்டில் தூக்குவது, இடுப்புக்கு; இரண்டு காலுக்கும் செய்ய வேண்டும், ஏனென்றால் தூக்குகிற காலை விட ஊன்றி நிற்கிற காலுக்குத்தான் வேலை அதிகம். கட்டிலில் இருக்கும்போது முட்டுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அதைக் கீழே அமுக்கிப் பத்து எண்ணும் வரை பிடிப்பது, வேதனை கூடிய நாளிலும் செய்யலாம். வாரத்துக்கு மூன்று நாள், ஒன்று விட்டு ஒரு நாள். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை பலனை எதிர்பார்த்து எரிச்சல்படாதீர்கள், தசை அவ்வளவு மெதுவாய்த்தான் கூடும்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க ஆட்டத்தைப் பார்க்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். முற்றத்தில் ஆறு மீட்டர் அளந்து இரண்டு கோடு போடுங்கள். கோட்டுக்கு இரண்டு எட்டு முன்னாலிருந்தே வழக்கமான வேகத்தில் அம்மா நடந்து வரட்டும், முதல் கோட்டிலிருந்து இரண்டாம் கோடு வரை நேரம் எடுங்கள். ஆறு நொடிக்கு மேல் ஆனால் மெதுவான நடை என்பது ஆசிய முதியோருக்கு 2019-ல் வகுத்த அளவு. அதுபோலவே கையை மார்பில் கட்டிக்கொண்டு சாதாரண உயர நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழும்பி உட்கார 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் தசைத் தெம்பு குறைவு. இன்று எடுத்த நேரத்தைக் காலண்டரில் எழுதுங்கள், மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். வீடியோவில் அம்மா சுவரைத் தொட்டுக்கொண்டு நடந்த கணக்கில் பத்து நொடிக்குக் குறையாது என்று தோன்றுகிறது, அதனால் முதல் தடவை மனம் தளர வேண்டாம்.

வீட்டில் மாற்ற வேண்டியவற்றில் கக்கூஸ்தான் முதல். குத்த வைத்து உட்காரும்போது முட்டு கடைசி வரை மடங்கி அழுந்துகிறது, எழும்புவது அதைவிடக் கொடுமை. வெஸ்டர்ன் கட்ட முடியாவிட்டால் மேலே வைக்கிற ஓட்டை நாற்காலி வாங்குங்கள். மீன் வெட்டுவதும் காய் நறுக்குவதும் இனித் தரையில் வேண்டாம், மேசையில். கோவிலில் முழந்தாளிட முடியவில்லை என்ற மனக்கஷ்டம் அம்மாவுக்கு இருந்தால் பங்குச்சாமியிடமே ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள், பெஞ்சில் உட்கார்ந்து ஜெபிக்க அவர் தடை சொல்லப் போவதில்லை. தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூர எறிந்துவிட்டுப் பின்பட்டை உள்ள, குதிகால் உயரமில்லாத செருப்பு வாங்குங்கள்.

முட்டுக்குப் போடுகிற நீகேப் சூடும் தைரியமும் தரும், அவ்வளவுதான், தசைக்குப் பதிலாகாது, இரவில் கழற்றிவிட வேண்டும். நம்ம பக்கம் ஆசான் (நாட்டு வைத்தியர்) இல்லாத ஊர் இல்லை, எண்ணெய் போட்டு இதமாய்த் தடவி விட்டால் வேதனை அடங்குவது உண்மைதான், அதை நான் தடுக்கமாட்டேன். வீங்கிச் சூடாய் இருக்கிற முட்டைப் பிடித்து இழுப்பதும், வளைந்ததை நிமிர்த்துகிறேன் என்று அழுத்திக் கட்டுவதும் வேண்டாம், எலும்பின் வளைவு தடவி நிமிராது. மெடிக்கல் ஷாப்பில் சொந்தமாய் வாங்கித் தினமும் போடுகிற வலி மாத்திரை இந்த வயதில் வயிற்றையும் கிட்னியையும் பிரஷரையும் கெடுக்கும். மேலே தேய்க்கிற வலி ஜெல் அந்த அளவுக்கு ஆபத்தில்லை, அதையும் டாக்டரிடம் கேட்டே தொடங்குங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும் சில விஷயம் என் வேலைக்கு வெளியே. முட்டு திடீரென்று சிவந்து கொதித்துக் காய்ச்சலும் வந்தால், ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கி வலித்தால், முட்டு மடங்கிய இடத்திலேயே பூட்டிக்கொண்டால், விழுந்த பிறகு ஊன்றவே முடியாவிட்டால் அன்றைக்கே டாக்டர். கொஞ்ச தூரம் நடந்ததும் இரண்டு காலும் மரத்துக் கனத்து, குனிந்தோ உட்கார்ந்தோ இருந்தால் சரியாகிறது என்றால் அது முதுகெலும்பிலிருந்து வரலாம், ஒரு கை வீசாமல் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தால் நரம்பு டாக்டரைப் பார்க்க வேண்டும். இதெல்லாம் வீடியோவில் எனக்குத் தெரியவில்லை, நீங்கள் கவனித்துக்கொள்ளுங்கள். முறையாய்ப் பயிற்சி செய்து எடையும் குறைத்த பிறகும் ராத்திரி தூக்கம் கெடுகிற அளவுக்கு வேதனை, வீட்டு வேலைகூட முடியவில்லை என்று வந்தால் முட்டு மாற்று ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம். அப்போதும் இப்போது செய்த பயிற்சி வீணாகாது, தசையோடு ஆபரேஷனுக்குப் போகிறவர் சீக்கிரம் எழும்பி நடப்பார்.

முதல் இரண்டு மூன்று தடவை யாராவது பிசியோதெரபிஸ்ட் நேரில் நின்று பார்த்து அளவைச் சரிசெய்தால் நல்லது. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் வரை பஸ் ஏறி இறங்க அம்மாவால் முடியாது என்றால் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பற்றிக் கேளுங்கள், 2021-லிருந்து நடக்கிற அந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிற வசதியும் உண்டு. போகும்போது எக்ஸ்ரேயையும், அம்மா தினமும் போடுகிற மாத்திரை அட்டைகளையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.